கரையில் தீராத கணக்கு



இரண்டு கடன்களைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். 1985ஆம் ஆண்டு, குஜராத்தில் நர்மதை ஆற்றின் குறுக்கே சர்தார் சரோவர் அணை கட்டுவதற்காக உலக வங்கி 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. 2008ஆம் ஆண்டு, அதே குஜராத் மாநிலத்தின் கட்ச் கடற்கரையில், முந்த்ராவில், 4,000 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்காக உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. தொகை ஒன்றுதான், மாநிலமும் ஒன்றுதான். நடுவில் 23 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில், வளர்ச்சிக்காகக் கடன் கொடுக்கும் பன்னாட்டு வங்கிகள் தங்கள் பணத்தால் பாதிக்கப்படும் ஊர்க்காரர்களின் முறையீட்டைக் கேட்கத் தனி அலுவலகங்களை அமைத்தன, விதிமுறைகளை எழுதின, ஆய்வு அறிக்கைகளை வெளியிட்டன. அப்படியிருந்தும் முந்த்ரா மீனவர்கள் நியாயம் கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. அங்கே வென்ற பிறகும் அவர்கள் கைக்கு எதுவும் வரவில்லை. இது ஏன் என்பதே இன்றைய உரையின் கேள்வி. என் விடை இதுதான்: முறையீட்டைக் கேட்கும் ஏற்பாட்டை இந்த வங்கிகள் உண்டாக்கிவிட்டன, தீர்த்துவைக்கும் கடமையை இன்னும் ஏற்கவில்லை. அந்தக் கடமையை ஏற்காதவரை பொறுப்பேற்றல் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்துவதில் பொருளில்லை.

முறையீட்டைக் கேட்கும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது வங்கியின் பெருந்தன்மையில் பிறக்கவில்லை. நர்மதைப் பள்ளத்தாக்கில் மூழ்கவிருந்த கிராமங்களின் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தால், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில், கனடா நாட்டுச் சட்ட அறிஞர் தாமஸ் பெர்ஜர் துணையுடன், ஒரு சுயேச்சையான ஆய்வுக்கு வங்கி சம்மதித்தது. 1992 ஜூனில் வெளிவந்த மோர்ஸ் அறிக்கை தெளிவாகப் பேசியது. மறுகுடியமர்வுக்கான திட்டம் குறைபாடுடையது, சுற்றுச்சூழல் விளைவுகள் சரியாக மதிப்பிடப்படவில்லை, வங்கி இதிலிருந்து பின்வாங்கி மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. அதே ஆண்டில் வங்கிக்குள்ளேயே தயாரான வாப்பன்ஹான்ஸ் அறிக்கை இன்னொரு உண்மையைக் கொண்டுவந்தது. அப்போது மதிப்பிடப்பட்டிருந்த திட்டங்களில் 37.5 விழுக்காடு திருப்திகரமாக இல்லை. காரணம் என்னவென்றால், கடனை ஒப்புதல் வாங்கிப் பட்டுவாடா செய்வதுதான் அதிகாரிகளின் வெற்றியாகக் கருதப்பட்டது, அந்தப் பணம் களத்தில் என்ன செய்தது என்பதற்கு அந்த முக்கியத்துவம் கிடைக்கவில்லை. கோளாறு ஓரிரு அதிகாரிகளின் கவனக்குறைவில் இல்லை, நிறுவனம் எதற்காகத் தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது என்று அந்த அறிக்கை காட்டியது. 1993 மார்ச்சில் எஞ்சிய கடன் வேண்டாம் என்று இந்திய அரசே சொல்லிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் உலக வங்கி தன் ஆய்வுக் குழுவை உருவாக்கியது. இரண்டு பேர் சேர்ந்தால்கூட அதனிடம் முறையிடலாம். தன் சொந்த விதிகளை வங்கியே மீறியதா என்று அது விசாரிக்கும். உலகில் இப்படிப்பட்ட முதல் அமைப்பு அது. பின்னர் ஆசிய வளர்ச்சி வங்கியும், 1999இல் சர்வதேச நிதிக் கழகமும், அண்மையில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் இதே வழியில் தங்கள் குறைதீர்ப்பு அமைப்புகளை உண்டாக்கின. இவற்றைக் குறைத்து மதிப்பிட நான் வரவில்லை. மக்கள் போராடிப் பெற்ற உரிமைகள் இவை.

இந்த உரிமை நடைமுறையில் எதுவரை செல்லும் என்பதை அளந்து பார்க்க முந்த்ராவைவிடத் தெளிவான இடம் கிடைக்காது. கட்ச் வளைகுடாவின் ஓரத்தில் டிராகடி பந்தர், கோட்டடி பந்தர் என்று மீனவக் குடியிருப்புகள் இருக்கின்றன. பந்தர் என்றால் அங்கே கரையிறங்கும் இடம். மழைக்காலம் முடிந்ததும் மீனவக் குடும்பங்கள் உள்ளூர்க் கிராமங்களிலிருந்து குழந்தைகுட்டிகளோடு பந்தருக்கு வந்து குடிசை போட்டுக்கொள்ளும். ஆண்டின் பெரும்பகுதி அங்கேதான் வாழ்க்கை. மீன் பிடிப்பது, வெயிலில் காயப்போட்டுக் கருவாடாக்குவது, வியாபாரிக்கு விற்பது எல்லாம் அந்தக் கரையில்தான். மறுபடி மழை வரும்போது ஊர் திரும்புவார்கள். படகு இல்லாதவர்களைப் பகடியா என்று அழைக்கிறார்கள். கடல் ஏறி இறங்கும் கழிகளிலும் சேற்றுநிலத்திலும் நடந்தே போய் வலை கட்டுகிறவர்கள் அவர்கள். நடந்து எட்டக்கூடிய தூரம்தான் அவர்களுடைய கடல். அனல்மின் நிலையம் தன் எந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சி, சூடேறிய நீரைக் கால்வாய் வழியாகத் திரும்பக் கடலிலேயே விடும் வகையில் கட்டப்பட்டது. கரையோரத்தில் நீர் சூடானால் மீன் ஆழத்துக்குப் போகும். படகுக்காரர் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பிடிக்கலாம், நடந்து போகிறவர் எங்கே போவார்? காயப்போட்ட மீனில் நிலக்கரித்தூளும் சாம்பலும் படிகின்றன, நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது, மீன்பாடு குறைந்துவிட்டது என்று மீனவர்களும் அருகிலிருந்த விவசாயிகளும் சொன்னார்கள்.

2011இல் மீனவர் சங்கம் சர்வதேச நிதிக் கழகத்தின் குறைதீர்ப்பு அலுவலகத்தில் முறையிட்டது. 2013இல் அந்த அலுவலகத்தின் தணிக்கை அறிக்கை வந்தது. அதன் முக்கியமான கண்டுபிடிப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பருவத்துக்கு வந்து வாழும் மீனவக் குடும்பங்களைத் திட்டத்தால் பாதிக்கப்படும் மக்களாகத் தொடக்கத்திலேயே சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, அதனால் பாதிப்பைத் தவிர்க்கவும் குறைக்கவும் இருந்த வாய்ப்புகள் கைநழுவின என்பதுதான் அது. இது எப்படி நேர்கிறது என்பது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. நிலம் எடுக்கும்போது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பந்தரில் யாருக்கும் பட்டா இல்லை. ஊர்க் கணக்கெடுப்பில் அவர்கள் பெயர் வேறொரு கிராமத்தில் இருக்கிறது. கரையில் நிற்கும் குடிசை நிரந்தரக் கட்டடம் இல்லை. ஆகவே காகிதத்தில் அந்தக் கரை காலியான கரை. எந்தப் பணியாளரும் பொய் சொல்லத் தேவையில்லை, படிவத்தை ஒழுங்காக நிரப்பினாலே போதும், ஒரு சமூகம் முழுவதும் காணாமல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் கழகத்தின் சொந்த விதிகள் எழுதப்பட்டிருந்தன. அவை கடைப்பிடிக்கப்படவில்லை என்று கழகத்தின் சொந்த அலுவலகமே சொன்னது.

சொன்ன பிறகு என்ன நடந்தது? கழகத்தின் நிர்வாகம் அந்தக் கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவற்றை ஏற்க மறுத்தது. குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு அறிக்கை எழுதும் அதிகாரம் உண்டு, தொடர்ந்து கண்காணிக்கும் அதிகாரம் உண்டு. நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமோ, ஒரு மீனவக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய் இழப்பீடு கொடு என்று உத்தரவிடும் அதிகாரமோ இல்லை. அடுத்த ஆண்டுகளில் வந்த கண்காணிப்பு அறிக்கைகளும் குறைகள் தீரவில்லை என்றே பதிவு செய்தன. விதியை எழுதியவரும், விதி மீறப்பட்டதா என்று பார்ப்பவரும், மீறலுக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். அந்த மூன்றாவது ஆள் எதுவும் செய்யாமல் இருந்துவிட முடிவெடுத்தால், முறையிட்டவருக்கு அதற்குமேல் போக இடமில்லை.

அதனால்தான் 2015இல் மீனவர்களும் விவசாயிகளும் ஒரு கிராமப் பஞ்சாயத்தும் மீனவர் சங்கமும் வாஷிங்டனில் கழகத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். சர்வதேச நிறுவனங்களுக்கு 1945ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டு அரசுகளுக்கு உள்ளது போன்ற விலக்குரிமையைக் கொடுக்கிறது. 1945இல் வெளிநாட்டு அரசுகளுக்கு நடைமுறையில் முழு விலக்குரிமை இருந்தது, ஆகவே கழகத்தின் மேல் வழக்கே போட முடியாது என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. ஆனால் வெளிநாட்டு அரசுகளின் விலக்குரிமையே 1976இல் சுருங்கிவிட்டது. வணிக நடவடிக்கைகளுக்கு அது பொருந்தாது என்று அந்த ஆண்டின் சட்டம் சொல்கிறது. 2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகளின் பெரும்பான்மையுடன், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பில், சர்வதேச நிறுவனங்களுக்கும் இன்றைய அளவுதான் பொருந்தும், முழு விலக்குரிமை கிடையாது என்றது. உலகெங்கும் அது வரலாற்றுத் தீர்ப்பாகப் பேசப்பட்டது. ஆனால் வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியதும், தீங்குக்கு அடிப்படையான செயல்கள் அமெரிக்காவில் நடக்கவில்லை, இந்தியாவில்தான் நடந்தன என்ற காரணத்தால் மறுபடியும் தள்ளுபடி ஆனது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு கேட்க மறுத்துவிட்டது. கடன் கொடுக்கும் முடிவு வாஷிங்டனில் எடுக்கப்படுகிறது, தீங்கு கட்ச்சில் விளைகிறது. வாஷிங்டன் நீதிமன்றம் கட்ச்சைக் கைகாட்டுகிறது. கட்ச் இருக்கும் இந்தியாவிலோ, 1958ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் அதே கழகத்துக்கு விலக்குரிமை கொடுத்து வைத்திருக்கிறது. இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கும் நடுவில் மீனவர் நிற்கிறார்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இந்த நிறுவனங்களின் மேல் யாருமே வழக்குப் போட முடியாதா? முடியும். உலக வங்கியின் சாசனத்திலும் சர்வதேச நிதிக் கழகத்தின் சாசனத்திலும், தகுந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவு ஏன் அங்கே இருக்கிறது? இந்த வங்கிகள் பத்திரங்களை விற்று உலகச் சந்தையில் பணம் திரட்டுகின்றன. பணம் திரும்பி வராவிட்டால் வழக்குப் போட முடியாது என்றால் அந்தப் பத்திரத்தை யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே நிறுவனத்தின் நோக்கத்துக்கு உதவும் வழக்குகளுக்கு மட்டுமே அந்தப் பிரிவு பொருந்தும் என்று 1983ஆம் ஆண்டிலிருந்தே வாஷிங்டன் நீதிமன்றம் பொருள் கொண்டு வருகிறது. பத்திரம் வாங்கியவர் போடும் வழக்கு நிறுவனத்தின் நம்பகத்தன்மையைக் காக்கிறது, அதனால் அது செல்லும். வாழ்வாதாரம் இழந்தவர் போடும் வழக்கு செல்லாது. இந்த வேறுபாட்டை நாம் நேராகப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் பத்திரம் வாங்கியவர் தன் பணத்தைப் பணயம் வைத்தார். பந்தரில் வாழ்ந்தவர், தன்னைக் கேட்காமலேயே, தன் கடலைப் பணயம் வைக்க நேர்ந்தது. முதலாமவருக்கு நீதிமன்றத்தின் கதவு திறக்கிறது, இரண்டாமவருக்கு அறிக்கை எழுதும் ஓர் அலுவலகம் இருக்கிறது. வறுமையை ஒழிப்பதே தன் பணி என்று அறிவித்துக்கொண்ட நிறுவனத்துக்கு இந்த வரிசை பொருந்துமா?

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவற்றில் எடை உள்ளவையும் உண்டு. முதலாவது, நீதிபதி பிரேயர் 2019 தீர்ப்பில் தன் மாறுபட்ட கருத்தில் எழுப்பிய கவலை. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தை ஒரு நாட்டு நீதிமன்றம் இழுத்தடித்தால் அதன் பணி தடைப்படும் என்பது அது. இந்தக் கவலை நியாயமானது. ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க நீதிமன்றம் சிறந்த இடம் இல்லை என்பதை மட்டுமே அது நிரூபிக்கிறது. எந்த இடமும் வேண்டாம் என்பதை நிரூபிக்கவில்லை. வழக்குகள் வேண்டாம் என்றால், வழக்குத் தேவைப்படாத அளவுக்கு உள்ளேயே நிவாரணம் கொடுத்துவிடுவதுதான் வழி. முந்த்ராவின் குறைதீர்ப்பு அறிக்கையை 2013இல் நிர்வாகம் ஏற்றுச் செயல்பட்டிருந்தால் 2015இல் வழக்கு வந்திருக்காது.

இரண்டாவது வாதம், திட்டத்தை நடத்துவது கம்பெனியும் அரசும்தான், கடன் கொடுத்தவர் வெறும் கடன் கொடுத்தவர், அவரை ஏன் கேட்க வேண்டும் என்பது. நிலத்தை எடுத்தவரும் சிம்னியைக் கட்டியவரும் முதல் பொறுப்பாளிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் முந்த்ராவின் கடன் ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல், சமூகச் செயல்திட்டம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அதைக் கம்பெனி கடைப்பிடிக்காவிட்டால் நிதியுதவியை நிறுத்தும் உரிமையைக் கழகம் தன்னிடம் வைத்திருந்தது. கண்காணிக்கும் பொறுப்பும் அதனுடையதுதான். சாதாரணக் கடைத்தெரு வங்கிக்கும் வளர்ச்சி வங்கிக்கும் வேறுபாடே இந்த நிபந்தனைகள்தான். எங்கள் முத்திரை இருந்தால் மக்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லித்தான் இவர்கள் மற்ற முதலீட்டாளர்களையும் திட்டத்துக்குள் அழைத்து வருகிறார்கள். முத்திரையின் மதிப்பை வாங்கிக்கொள்கிறவர், முத்திரை பொய்த்தால் வரும் இழப்பில் தன் பங்கை ஏற்கத்தான் வேண்டும்.

மூன்றாவது வாதம் கனமானது. இவ்வளவு கெடுபிடி செய்தால் இந்த வங்கிகள் கடினமான திட்டங்களிலிருந்து விலகிவிடும், நிபந்தனையே இல்லாத பணம் அந்த இடத்தில் வந்து உட்காரும் என்கிறார்கள். இதற்குச் சான்றும் இருக்கிறது. ஆய்வுக் குழுவுக்கு வந்த முதல் முறையீடே நேபாளத்தின் அருண் 3 நீர்மின் திட்டத்தைப் பற்றியது. 1995இல் உலக வங்கி அதிலிருந்து விலகியது. இன்று அதே ஆற்றில் அதே பெயரில் இந்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று மின்நிலையம் கட்டுகிறது. நர்மதையில் வங்கி 1993இல் வெளியேறியது, அணை நிற்கவில்லை. 2017இல் முழு உயரத்தோடு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில்கூட, மாற்று நிலம் கிடைக்காத 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகவே விலகிப்போவதைப் பொறுப்பேற்றல் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்குத் தீ மூட்டும் வேலையில் கூட இருந்துவிட்டு, பாதியில் கைகழுவிக்கொண்டு போனவர் குற்றமற்றவர் ஆகிவிடுவதில்லை. 1993இல் வங்கியின் பணம் நின்றது. அதுவரை கொடுத்த பணத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கு வங்கி என்ன செய்தது? அந்தக் கேள்விக்கு அன்றைய ஏற்பாட்டில் இடமே இல்லை. விலகிவிடுவார்கள் என்ற பயம் என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை, பலப்படுத்துகிறது. விலகினாலும் நிவாரணக் கடமை கூடவே வரும் என்று விதி இருந்தால், விலகுவது தப்பிக்கும் வழியாக இருக்காது. இருந்து சரிசெய்வதே மலிவான வழியாகிவிடும்.

அப்படி இருந்து சரிசெய்ய முடியும் என்பதற்கு உதாரணம் உண்டா? கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் பெங் காக் ஏரி இருந்தது. அந்த ஏரியைச் சுற்றி வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், தனியார் கட்டுமானத் திட்டத்துக்காக வெளியேற்றப்பட்டன. உலக வங்கியின் பணத்தில் நடந்த நிலப்பதிவுத் திட்டம் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் கொடுக்காமல் விட்டிருந்தது. 2009இல் ஆய்வுக் குழுவிடம் முறையீடு போனது. குழு விசாரித்து வங்கியின் தவறைச் சுட்டியது. அதன்பின் வங்கி அறிக்கையோடு நிற்கவில்லை. ஏரி மக்களோடு ஓர் உடன்பாடு ஏற்படும்வரை கம்போடியாவுக்குப் புதிய கடன் இல்லை என்று 2011 ஆகஸ்டில் பகிரங்கமாக அறிவித்தது. அதே மாதத்தில் கம்போடிய அரசு, எஞ்சியிருந்த குடும்பங்களுக்காக 12.44 ஹெக்டேர் நிலத்தை ஒதுக்கியது. ஏற்கெனவே துரத்தப்பட்டவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, அது பெரிய குறைதான். ஆனாலும் வங்கிக்குக் கைகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தினால் நிலம் கிடைக்கிறது என்பது அன்று வெளிப்பட்டது. முந்த்ராவிலும் அதிகாரத்துக்குக் குறைவில்லை. அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் அங்கே இல்லை.

அந்தக் கட்டாயத்தை எப்படி உண்டாக்குவது? என் மனத்தில் நான்கு ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது, நிவாரணத்துக்கான பணம் கடனோடு சேர்த்தே ஒதுக்கப்பட வேண்டும். பெரிய கட்டுமான மதிப்பீடு எதுவும் எதிர்பாராச் செலவுக்கு ஒரு தொகை இல்லாமல் தயாராவதில்லை. சிமெண்ட் விலை ஏறும் என்று முன்கூட்டியே கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பந்தரின் பாடு குறையலாம் என்றும் கணக்குப் போடத் தெரியும். கழகத்தின் பொறுப்பேற்றல் முறையைப் பற்றி, அதன் முன்னாள் தலைமை அதிகாரி பீட்டர் வாய்க்கே தலைமையில் அமைந்த வெளிக்குழு 2020இல் கொடுத்த அறிக்கையும், தன் தவறால் தீங்கு நேர்ந்தால் நிவாரணத்தில் கழகம் பங்கேற்க வேண்டும் என்ற திசையில்தான் பேசியது. செலவு கூடும், கடன் வாங்குகிறவர் தலையில் அது விழும் என்பார்கள். அந்தச் செலவு இப்போதும் இருக்கிறது, அதை இப்போது பகடியா மீனவர் சுமக்கிறார். இரண்டாவது, குறைதீர்ப்பு அலுவலகத்தின் கண்டுபிடிப்பை நிர்வாகம் மறுக்க விரும்பினால், அந்த மறுப்பை நிர்வாகமே தீர்மானிக்கக் கூடாது. நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒரு நடுவர் மன்றம் தீர்மானிக்க வேண்டும், அதன் தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்த வேண்டும். மூன்றாவது, காலக்கெடு. உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம், கடன் பெரும்பாலும் பட்டுவாடா ஆகிவிட்டால் முறையிடவே முடியாது என்றிருந்தது. 2020இல்தான் அது கடன் முடிந்து 15 மாதம்வரை என்று நீண்டது. வரவேற்கத்தக்க மாற்றம், ஆனால் போதாது. நிலத்தடி நீர் உப்பாவதற்கு 15 மாதம் என்று யாரும் கெடு வைத்திருக்கவில்லை. திட்டம் இயங்கும் காலம் முழுவதும் முறையிடும் உரிமை இருக்க வேண்டும்.

நான்காவது, தெரிவிப்பது. தனக்குப் பக்கத்தில் எழும் கட்டடத்துக்கு யார் கடன் கொடுத்தார்கள் என்பதே தெரியாதவர் எந்த அலுவலகத்தைத் தேடிப் போவார்? இது தமிழ்நாட்டுக்கும் பொருந்தும் விஷயம். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பானின் ஜைக்காவும் ஆசிய வளர்ச்சி வங்கியும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் கடன் கொடுத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறையீட்டு வழி உண்டு. பன்னாட்டுக் கடனில் நடக்கும் எந்தப் பணியிடத்திலும், கடன் கொடுத்தவர் பெயரும், எங்கே எப்படி முறையிடுவது என்பதும், அந்த ஊர் மொழியில் பலகையில் எழுதியிருக்க வேண்டும். கடன் ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாக வைக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

இவற்றோடு நீதிமன்றத்தின் கதவையும் முழுக்க அடைத்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். 1958ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாக விடுதலை பெற்ற நாடு மூலதனத்துக்காகக் காத்திருந்த காலத்தில் இயற்றப்பட்டது. நிறுவனத்தின் ஆவணங்களுக்கும் அதிகாரிகளுக்கும் பாதுகாப்பு இருக்கட்டும். ஆனால் தன் சொந்தக் குறைதீர்ப்பு அலுவலகமே தவறு என்று சொன்ன பிறகும் நிறுவனம் நிவாரணம் தர மறுக்கிறதென்றால், அந்த ஒரு சூழ்நிலையிலாவது இந்திய மண்ணில் பாதிக்கப்பட்டவர் இந்திய நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்க வேண்டும். இந்தியா இந்த வங்கிகளின் பங்குதாரர், பெரிய கடனாளியும்கூட. கேட்கும் இடத்தில்தான் நாம் இருக்கிறோம்.

இந்த வங்கிகள் கொடுக்கும் கடன் ஒவ்வொன்றிலும் திருப்பிச் செலுத்தும் அட்டவணை ஒன்று இருக்கிறது. எந்தத் தேதியில் எவ்வளவு, தவறினால் என்ன வட்டி என்று எதையும் விட்டுவைக்காமல் அதில் எழுதியிருக்கும். அவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்த கையால், அதே ஒப்பந்தத்தில் இன்னோர் அட்டவணையும் எழுத முடியும்: யார் யார் இந்தக் கரையில் வாழ்கிறார்கள், பட்டா உள்ளவர் யார், இல்லாதவர் யார், பருவத்துக்கு வருகிறவர் யார், அவர்கள் இழந்தால் யார், எப்போது, எவ்வளவு கொடுப்பார்கள் என்று. முதல் அட்டவணை மீறப்பட்டால் எத்தனை நாடுகளின் நிதியமைச்சகங்கள் தூங்காமல் விழித்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். இரண்டாவது அட்டவணைக்கும் அதே மதிப்பு கிடைக்கும் நாளில்தான் டிராகடி பந்தரின் கணக்கு தீரும். அதைக் கேட்டு வாங்கும் கடமை பங்குதாரர் நாட்டின் குடிமக்களான நமக்கு இருக்கிறது.